சுகர் குறைஞ்சது, கொழுப்பு குறைஞ்சது... ஹார்ட் அட்டாக் ரிஸ்க் குறைஞ்சதா? புதுச்சேரிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய ‘செல் சுவிட்ச்’ கதை

ஆபீஸ் ஹெல்த் செக்கப் முடிஞ்சு ரெண்டு நாள்ல வாட்ஸ்அப்ல ஒரு பி.டி.எஃப். வரும். திறந்து பார்த்தா சுகர் பார்டர்ல இருக்கும், ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டி தடித்த எழுத்தில் இருக்கும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைவா இருக்கும். வயசு முப்பதைக்கூடத் தொட்டிருக்காது. மூணு மாசம் மாத்திரை, டயட் என்று ஓடி, அடுத்த ரிப்போர்ட்டில் எண்கள் இறங்கியதும் ஒரு நிம்மதி. “அப்பாடா, ஹார்ட் சேஃப்!”

உண்மையிலேயே சேஃபா? ரிப்போர்ட்டில் எண் இறங்குவதும், மாரடைப்பு வாய்ப்பு இறங்குவதும் ஒன்றுதானா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாகப் பல ஆயிரம் நோயாளிகளிடம் ஆய்வு நடந்திருக்கிறது. பதில் பல முறை ‘இல்லை’ என்றே வந்தது. அந்தக் கதையின் நடுவில் இருப்பது நம் செல்லுக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச். கதையின் முக்கியமான சில திருப்பங்கள் நடந்தது இந்தியாவில். அது அதிகம் தேவைப்படும் ஊர்களில் ஒன்று, நம்ம புதுச்சேரி.

புதுச்சேரிக்கு ஏன் இது முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ‘இன்டியாப்’ ஆய்வின் தேசிய முடிவுகள் 2023-ல் வெளியாகின. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 20 வயதைத் தாண்டிய 1,13,043 பேரைப் பரிசோதித்த ஆய்வு அது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கிட்டது.

அதில் புதுச்சேரி எங்கே? சர்க்கரை நோயில் கோவா 26.4%, அதற்கு அடுத்து 26.3% உடன் நாம். தேசிய சராசரி 11.4% தான். உடல் பருமனில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: 53.3%. தொப்பைக் கொழுப்பிலும் முதலிடம்: 61.2%. பரிசோதித்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது. அந்த வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

“நான் ஒல்லியாத்தானே இருக்கேன்” என்று ஸ்க்ரோல் பண்ணிப் போக வேண்டாம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1%. யாஜ்னிக் உடலில் 21.2%. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்திய உடல்வாகின் சிக்கலே இதுதான். எடை மெஷின் சொல்லாததை இஞ்ச் டேப் சொல்லிவிடும்.

தோலுக்கு அடியில் தங்க வேண்டிய கொழுப்பு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் தேங்கினால், இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைகிறது. சர்க்கரை ஏறும், ட்ரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும், ரத்த அழுத்தம் கூடும். இந்தக் கூட்டணிக்குத்தான் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். கடைசியில் இதன் பில் போய்ச் சேர்வது இதயத்துக்கு.

சரி, அந்த சுவிட்ச் என்ன?

ஒரு செல்லை வீடு என்று வைத்துக்கொள்வோம். இன்சுலின் போன்ற ஹார்மோன் வாசலில் நின்று காலிங் பெல் அடிக்கிற ஆள். உள்ளே வராது, பெல் சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் கொழுப்பில் கரையும் சில மூலக்கூறுகள் கதவைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிடும். அவற்றைப் பிடித்துக்கொண்டு, செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, “இந்த ஜீனை ஆன் பண்ணு, அந்த ஜீனை ஆஃப் பண்ணு” என்று உத்தரவு போடும் புரதங்கள்தான் உட்கரு ஏற்பிகள்.

மனித உடலில் இவை மொத்தம் 48. ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாம் வேலை செய்வது இந்தக் குடும்பத்தின் வழியாகத்தான். இந்தக் குடும்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததற்காக 2004-ல் லாஸ்கர் விருது பெற்ற மூவரில் ஒருவர், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து விஞ்ஞானி பியர் ஷாம்போன்.

இதில் நம் கதையின் ஹீரோ, சில சமயம் வில்லன், ‘பிபார்’. முழுப் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். 1990-ல் எலியின் செல்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது. ஆல்ஃபா, காமா, டெல்டா என்று மூன்று வகை. நமக்கு இப்போதைக்கு முதல் இரண்டு போதும்.

பிபார் ஆல்ஃபா அதிகம் இருப்பது கல்லீரல், இதயம், தசைகளில். அதன் வேலை கொழுப்பை எரிக்க வைப்பது. அது ஆன் ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு இறங்கும். ஃபீனோஃபைப்ரேட் போன்ற மாத்திரைகள் அமுக்குவது இந்த சுவிட்சை.

பிபார் காமா அதிகம் இருப்பது கொழுப்புத் திசுவில். அதன் வேலை கொழுப்பைச் சரியான இடத்தில் சேமிக்க வைப்பது. கல்லீரலில் தேங்கும் கொழுப்பை இழுத்து, தோலுக்கு அடியில் உள்ள கிடங்குக்கு அனுப்பும். இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்யும், சர்க்கரை இறங்கும். பயோகிளிட்டசோன் மாத்திரை அமுக்குவது இதை.

ஒன்று எரிக்கும், இன்னொன்று அடுக்கி வைக்கும். கேட்கவே பிரமாதமா இருக்குல்ல? அப்புறம் எங்கே சிக்கல்?

ஒரே சுவிட்ச், வீடு முழுக்க லைட்

சிக்கல் இங்கேதான். ஹாலுக்கு லைட் வேண்டும் என்று சுவிட்சைப் போடுகிறோம். அது பாத்ரூம், மொட்டை மாடி, வாசல் என்று எல்லா லைட்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறது. உட்கரு ஏற்பி ஒரு ஜீனை மட்டும் ஆன் செய்வதில்லை. பல உறுப்புகளில் பல நூறு ஜீன்களைத் தொடுகிறது.

பிபார் காமா சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அது ஆன் ஆனால் உப்பும் தண்ணீரும் உடலில் தங்கும். கால் வீங்கும். ஏற்கெனவே பலவீனமான இதயம் என்றால், அந்தக் கூடுதல் தண்ணீர்ச் சுமையைத் தாங்காமல் இதயச் செயலிழப்பு வரை போகலாம். எடை கூடும். எலும்பு முறிவு வாய்ப்பும் கூடும். சர்க்கரை ரிப்போர்ட் மட்டும் அழகாக இருக்கும்.

2007: முதல் அதிர்ச்சி

ரோசிகிளிட்டசோன் பிபார் காமாவை அமுக்கும் மருந்து. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று உலகம் முழுக்க விற்றது. சர்க்கரையை நன்றாகவே குறைத்தது. 2007 மே மாதம் அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிசெனும் புள்ளியியலாளர் கேத்தி வோல்ஸ்கியும் 42 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 43% அதிகம் என்று கணக்கு வந்தது.

சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய். அவர்களுக்குக் கொடுத்த மருந்தே இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்வி உலகையே உலுக்கியது. 2010-ல் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது, அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவும் தடை செய்தது. பிறகு வேறொரு பெரிய சோதனையின் தரவுகளை மறுபரிசீலனை செய்த அமெரிக்கா, 2013-ல் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆனால் உடைந்த நம்பிக்கை ஒட்டவில்லை.

இரண்டையும் சேர்த்து அமுக்கினால்?

அடுத்து வந்த ஐடியா, ஆல்ஃபாவையும் காமாவையும் ஒரே மாத்திரையில் ஆன் செய்வது. கொழுப்பும் குறையும், சர்க்கரையும் குறையும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இந்தப் போட்டியில் ஆரம்பத்திலேயே இந்தியா இருந்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கண்டுபிடித்து டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க்குக்கு உரிமம் கொடுத்த ராகாகிளிட்டசார், மனிதச் சோதனை வரை போனது. எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் 2002-ல் நின்றது. அமெரிக்க நிறுவனங்களின் முராகிளிட்டசார் இதயப் பிரச்சினைகள் பற்றிய கேள்வியில் சிக்கியது. டெசாகிளிட்டசார் சிறுநீரகப் பாதிப்பு அச்சத்தில் 2006-ல் கைவிடப்பட்டது.

அதன் பிறகு வந்தது 2013-ன் கோடைக்காலம். இரண்டு மாதங்களுக்குள் மூன்று சம்பவம்.

ஒன்று: ஜூன் மாதம் அகமதாபாத்தின் சைடஸ் கேடிலா நிறுவனத்தின் சரோகிளிட்டசாருக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதி கொடுத்த செய்தி வந்தது. ஆல்ஃபாவை அதிகமாகவும் காமாவை மிதமாகவும் அமுக்கும் மருந்து. ஒரு இந்திய நிறுவனம் புதிய மூலக்கூறைக் கண்டுபிடித்து சந்தை வரை தானே கொண்டுவந்தது இதுவே முதல் முறை என்று பெருமையாகப் பேசப்பட்டது. ‘லிப்பாக்லின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இரண்டு: அதே ஜூனில் பயோகிளிட்டசோனின் தயாரிப்பையும் விற்பனையையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. காரணம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சம். இந்தியாவில் லட்சக்கணக்கானோர் எடுத்துவந்த மலிவான மருந்து. மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். ஜூலை 31 அன்று, அட்டையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தடை நீங்கியது.

மூன்று: ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் தன் அலெகிளிட்டசார் சோதனையைப் பாதியில் நிறுத்தியது. இதுவும் இரண்டையும் அமுக்கும் மருந்துதான். சமீபத்தில் மாரடைப்பு போன்ற பாதிப்பு வந்த 7,226 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். ட்ரைகிளிசரைடு இறங்கியது, எச்.டி.எல். ஏறியது, சர்க்கரை இறங்கியது. மாரடைப்பு மட்டும் குறையவே இல்லை. கூடவே சிறுநீரகப் பாதிப்பும் ரத்தக்கசிவும் வந்தன.

அப்போ சரோகிளிட்டசார்? 122 பேரிடம் 24 வாரம் நடந்த ஒரு சோதனையில், 4 மில்லிகிராம் அளவு ட்ரைகிளிசரைடை 45% குறைத்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த பயோகிளிட்டசோன் குறைத்தது 15.5%. 2020-ல் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கும் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இது சின்னச் சாதனை அல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013-ல் கிடைத்த அனுமதி ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துக் கொடுக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் குறைகிறதா என்று ஆயிரக்கணக்கானோரிடம் பல ஆண்டுகள் அளந்து கொடுக்கப்பட்டதல்ல.

எண் குறைந்தால் போதாதா?

போதாது என்பதற்கு ஆகத் தெளிவான சாட்சி 2022 நவம்பரில் வந்தது. பீமாஃபைப்ரேட் என்ற புதிய மருந்து, பிபார் ஆல்ஃபாவை மட்டும் குறிபார்த்து அமுக்குவது. சர்க்கரை நோயும் உயர் ட்ரைகிளிசரைடும் உள்ள 10,497 பேரிடம் சோதனை. ட்ரைகிளிசரைடு 26% இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம்? மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஏன்? இந்தச் சோதனையில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு குறைந்தபோது எல்.டி.எல். கொழுப்பும், தமனியில் படியக்கூடிய கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏபோ-பி என்ற புரதமும் கொஞ்சம் கூடின. லாரியில் இருக்கும் சரக்கு குறைந்தது, ரோட்டில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கை குறையவில்லை. டிராஃபிக் ஜாம் அப்படியே இருந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி மிக அதிகமாகப் போனால் கணைய அழற்சி என்ற உயிராபத்து வரலாம். அங்கே அந்த எண்ணைக் குறைப்பதே முக்கியமான சிகிச்சை. அதனால் “இந்த மாத்திரை எல்லாம் வேஸ்ட்” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த மாத்திரை எதற்கு என்பதுதான் கேள்வி.

பழைய பயோகிளிட்டசோனுக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. பக்கவாதம் வந்த, சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத 3,876 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 11.8%, பயோகிளிட்டசோன் எடுத்தவர்களில் 9.0%. ஆனால் எடை கூடியது, வீக்கம் வந்தது, எலும்பு முறிவும் அதிகமானது. ஒரே குடும்பத்து மருந்துகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

தோல்வியில் விளைந்த நல்லது

ரோசிகிளிட்டசோன் சர்ச்சைக்குப் பிறகு, 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது. இனி எந்தப் புதிய சர்க்கரை மருந்தும், இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்பதைக் காட்ட வேண்டும். கம்பெனிகளுக்குச் செலவு எகிறியது, முணுமுணுத்தார்கள். ஆனால் கெடுதல் இல்லை என்று காட்டத் தொடங்கிய சோதனைகளில்தான் எதிர்பாராத நன்மை தெரிந்தது. 2015-ல் எம்பாகிளிஃப்ளோசின், 7,020 பேரிடம் நடந்த சோதனையில் இதய நோய் மரணங்களை 38% குறைத்தது. இது உட்கரு ஏற்பியைத் தொடும் மருந்தல்ல. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவது. அது இதயத்தைக் காப்பாற்றும் என்று கண்டுபிடிக்க வைத்தது, ஒரு பிபார் மருந்து கிளப்பிய பயம்.

உட்கரு ஏற்பிக் குடும்பத்துக்கும் வெற்றிகள் வந்தன. உப்பைக் கட்டுப்படுத்தும் மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியை ஆன் செய்யாமல், ஆஃப் செய்யும் மருந்து ஃபினெரெனோன். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்த 7,437 பேரிடம் நடந்து 2021-ல் முடிவு வந்த சோதனையில், இதயப் பாதிப்புகளை 13% குறைத்தது. அதில் பெரும்பங்கு, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததே. ரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும். இந்தியாவிலும் கிடைக்கிறது.

அதாவது சுவிட்ச் கெட்டது இல்லை. எதை அமுக்குகிறோம், எவ்வளவு அமுக்குகிறோம், கடைசியில் எதை அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போ நாம என்ன செய்யணும்?

முதல் விஷயம்: இதைப் படித்துவிட்டு அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துப் போட வேண்டாம். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்துவதுதான் இங்கே பெரிய ஆபத்து. அதற்குப் பதில், அடுத்த முறை ஜிப்மர் ஓ.பி.யிலோ பக்கத்து கிளினிக்கிலோ உட்காரும்போது இதைக் கேளுங்கள்:

• “டாக்டர், இந்த மாத்திரை சுகர் நம்பருக்கா, ஹார்ட்டுக்கா, ரெண்டுக்கும்மா?”

• “எனக்கு எல்.டி.எல்., பிரஷர் ரெண்டும் கண்ட்ரோல்ல இருக்கா?” மாரடைப்பைத் தடுப்பதில் இவை இரண்டையும் குறைப்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது.

• பயோகிளிட்டசோன் எடுப்பவர்களுக்குக் கால் வீக்கம், மூச்சு வாங்குதல், திடீர் எடை ஏற்றம், சிறுநீரில் ரத்தம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

• வீக்எண்ட் குடியை மறைக்காதீர்கள். மது ட்ரைகிளிசரைடை ஏற்றும். மது மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு, இதைச் சொல்லாமல் கொழுப்புக்கு மட்டும் மாத்திரை கேட்டால் டாக்டரால் பாதிக் கணக்குதான் போட முடியும்.

• பி.எம்.ஐ. சரியாக இருந்தாலும் இடுப்பை அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பிபார் சுவிட்சை இயற்கையாக அமுக்குவது எது தெரியுமா? கொழுப்பு அமிலங்கள்தான். சாப்பாட்டுக்கு நடுவே இடைவெளி விடும்போது கல்லீரலில் பிபார் ஆல்ஃபா ஆன் ஆகி, சேமித்த கொழுப்பை எரிக்கச் சொல்கிறது. உடற்பயிற்சி செய்யும்போது தசைகளிலும் இதே குடும்பத்துச் சுவிட்சுகள் வேலை செய்கின்றன. உடலே அமுக்கும்போது எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதையும் உடலே பார்த்துக்கொள்கிறது. மாத்திரையில் இன்னும் முழுதாகக் கைவராத நுணுக்கம் அது.

சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் கடற்கரைச் சாலை நம் ஊரில் இருக்கிறது. காந்தி சிலை பக்கத்தில் செல்ஃபி எடுக்கப் போகும்போது, அப்படியே சாலையின் கடைசி வரை நடந்துவிட்டு வரலாம். அடுத்த ரிப்போர்ட்டில் நம்பர் எவ்வளவு இறங்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இனி “நம்பர் குறைஞ்சதா?” என்பதோடு நிற்காது. “என் ஹார்ட்டுக்கு ரிஸ்க் குறைஞ்சதா?” என்றும் கேட்போம்.